அஞ்சரை மணி வரைக்கும் சாகக் கூடாது

எங்கள் தெருவில் துப்பாக்கி விளையாட்டைச் சத்தம் வைத்து ஆட மாட்டோம். வேறு ஊர்களில் பையன்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆடுவார்கள். நாங்கள் போனைக் கையில் எடுத்ததும் முதலில் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடுவோம். அதற்கு ஊமை ஆட்டம் என்று பெயர். பெயர் வைத்தது என் அம்மா.

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். அந்த விளையாட்டு எங்களுக்கு அறிமுகமான புதிதில், சமுதாயக் கூடத்துப் படிக்கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். அங்கேதான் டவர் நன்றாக எடுக்கும். யாரோ ஒருவன் போனில் சத்தம் முழுசாக இருந்தது. விளையாட்டுக்குள் ஒரு கையெறி குண்டு வெடித்தது. அவ்வளவுதான். அடுத்த நொடி தெருவில் இருந்த அத்தனை பெண்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கையில் கரண்டியோடு ஒருவர், தலையில் பாதி எண்ணெயோடு ஒருவர். எல்லாரும் மேற்கே கம்பெனிகள் இருக்கும் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். புகை இல்லை. பிறகு மெதுவாகத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

"எங்கனலே சத்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"போன்லம்மா. கேமு."

அம்மா படிக்கட்டு வரை வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பகல் பூரா அது நடுவுல உக்காந்துட்டு வாரோம். வீட்டுக்கு வந்தும் கேக்கணுமாக்கும்? ஆடுங்க, வேண்டாங்கல. ஊமையா ஆடுங்க."

"ஹெட்செட் போட்டுக்கிறோம்மா. யாருக்கும் கேக்காது."

"நெசமாவே ஒண்ணு கேட்டுச்சுன்னா? அப்பவும் காத அடச்சுக்கிட்டு உக்காந்திருப்பியளா?"

அன்றிலிருந்து ஊமை ஆட்டம்தான்.

வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பட்டாசு செய்கிற ஊர்க்காரனுக்கு வெடிச் சத்தம் பயமா என்பார்கள். தீபாவளியன்று வந்து பாருங்கள் என்பேன். என் அம்மா ஆயிரம் வாலாவைத் தெருவில் விரித்துப் பற்ற வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துதான் வருவாள். கண் முன்னால் வெடிப்பது எங்களுக்குக் கொண்டாட்டம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம் வேறு.

என் அக்காவும் கம்பெனிக்குப் போகிறவள்தான். எட்டாவதோடு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். அவள் சரவெடி பின்னுவாள். சின்னச் சின்ன வெடிகளை நூலில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்துப் பின்னும்போது அவள் விரல்களைப் பார்க்கவே முடியாது. சரம் தானாக நீள்வதுபோல இருக்கும். அந்த விரல்கள் போனுக்கு வந்தது இடியால்தான்.

வானம் உறுமினால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிடுவார்கள். மணி அடிக்கும். பெண்கள் ரூமைவிட்டு வெளியே வந்து கேட் பக்கம் உட்கார வேண்டும். வானம் தெளியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு மத்தியானம் நனைந்துகொண்டே வந்தவள், தலையைத் துவட்டியபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னத்தத்தாம்லே எந்நேரமும் நோண்டுத? காட்டு, நானும் பாக்கேன்."

காட்டினேன். விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். கட்டடங்களுக்குள் புகுந்து துப்பாக்கி, மருந்துப் பெட்டி எல்லாம் பொறுக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு வட்டம் இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடு நிற்கும் அணிக்கு வெற்றி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தானே ஆடத் தொடங்கியதும் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள்.

"உள்ள போக்கா. உள்ளதான் துப்பாக்கி இருக்கும்."

"இந்த ரூமுக்கு ஒரு வாசல்தான் இருக்கு. நான் போக மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவள் வேலை செய்யும் ரூமில் எல்லாப் பக்கமும் கதவு உண்டு. கதவுக்கு எதிரே எதையும் வைக்கக் கூடாது. வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். விளையாட்டிலும் அதையே செய்தாள். இரண்டு வாசல் உள்ள கட்டடமாகத் தேடிப் போவாள். உள்ளே நுழைந்ததும் சுவர் ஓரமாக, கதவைப் பார்த்தே நிற்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் நாங்கள் எல்லாம் சுடப்பட்டு விழுந்த பிறகும் அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பாள்.

ஆட்டத்தில் தனக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றதும் யோசிக்கவே இல்லை. "ரூம் நம்பர் ஏழுன்னு போடு" என்றாள். அது அவள் வேலை பார்க்கும் ரூம். விளையாட்டில் வரும் ஆங்கிலத்தை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அத்தனை வருடம் படித்த ஆங்கிலத்தை எங்கள் வீட்டில் ஒருவர் ஆவலோடு கேட்டது அப்போதுதான். "இதுக்கு என்ன அர்த்தம், அதுக்கு என்ன அர்த்தம்" என்று குடைந்தெடுப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஊமை ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் மைக்கில் பேசவும் வழியில்லை. அதனால் நாங்கள் தரையில் ஒரே வரிசையில், முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்காருவோம். இடது முழங்காலால் இடித்தால் இடது பக்கம் ஆள். வலது இடித்தால் வலது. இரண்டு முறை இடித்தால் ஓடு. அக்கா இடித்தால் மறுநாள் வரை வலிக்கும்.

எங்கள் அணியில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் நாரணாபுரத்துக்காரன். அதுவும் பட்டாசு ஊர்தான், ஆனால் அவனுக்குக் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. அவன் விரலில் ஏதாவது ஒரு மை எப்போதும் இருக்கும். அவனைப் பிரஸ்காரன் என்போம். இன்னொருவன் விருதுநகரில் என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் வீட்டில் மல்லி, வத்தல் வியாபாரம். பக்கத்தில் உட்கார்ந்தாலே நமக்குத் தும்மல் வரும். அவனைப் பாய் என்போம். லீவு நாளில் இரண்டு பேரும் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். நாலாவது ஆளாக இருந்தவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பெரிய திரை, லைவ் ஒளிபரப்பு எல்லாம் உண்டு என்று போட்டிருந்தது.

"நாலாவது ஆளுக்கு எங்க போக?" என்றான் பிரஸ்காரன்.

"நான் இல்லையாக்கும்?" என்றாள் அக்கா.

பிரஸ்காரன் மண்டையைச் சொறிந்தான். "யக்கா, அங்கன பூராம் பயலுகளா இருப்பானுக."

"இருக்கட்டும். நான் என்ன அவனுகளப் பொண்ணு பாக்கவா வாரேன்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி லீவு கிடைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சீசன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் லீவு கேட்டால் போர்மேன் முகத்தைப் பார்க்க முடியாது. அக்கா கேட்டதையும் அவர் சொன்னதையும் அன்று மாலை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"சீசன்ல லீவா? யாருக்குத்தா கலியாணம்?"

"கலியாணம் இல்ல அண்ணாச்சி. போன்ல சுடுற கேமு. போட்டி வச்சிருக்காக."

போர்மேன், "பொய் சொல்றதுன்னா காய்ச்சல்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாராம்.

அப்போது ஏழாம் நம்பர் ரூமில் இருந்த மற்றப் பெண்கள்தான் வந்து நின்றிருக்கிறார்கள். "போயிட்டு வரட்டும் அண்ணாச்சி. அவ பங்கையும் சேத்து நாங்க பின்னிருதோம். லோடு நிக்காது."

அவர் சரி என்றதும், அந்த ரூமிலேயே மூத்தவரான பெரியக்கா என் அக்காவிடம் திரும்பியிருக்கிறார். "ஏத்தா, நாங்க பின்னித் தாரோம். ஆனா நீ ஆடுறத நாங்க பாக்கணும். எம்புட்டு மணிக்குக் காட்டுவாக?"

"காலைலருந்தே காட்டுவாக. லைவு."

"காலைலயா? போன் பொட்டி அஞ்சரைக்குத்தான தெறப்பாக?"

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் கையில் தருவார்கள். அது அஞ்சரை மணிக்கு. அதற்கு முன்னால் நாங்கள் தோற்றுவிட்டால், அக்காவுக்காகக் கூடுதலாகச் சரம் பின்னிய ஒருவரும் அவளைப் பார்க்க முடியாது.

"அப்ப ஒண்ணு செய்யி" என்றாராம் பெரியக்கா. "அஞ்சர வரைக்கும் செத்துராத."

அக்கா இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் படுக்கும் முன் மறுபடியும் என்னிடம், "கடைசி ஆட்டம் எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்ததாகச் சொன்னேன். கடைசி ஆட்டம் வரை போய்விட வேண்டும். கணக்கு எளிதாகத்தான் இருந்தது.

போட்டியன்று அக்கா பச்சைச் சுடிதார் போட்டு, தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் மணமக்கள் உட்காரும் மேடையில்தான் திரை கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். அணி அணியாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். காரியாபட்டியிலிருந்து வந்த அணி நாலு பேரும் ஒரே நிற ஆரஞ்சு பனியன் போட்டிருந்தார்கள். அதில் நெட்டையாக இருந்தவன் அக்காவின் தூக்குவாளியைப் பார்த்தான்.

"யக்கா, மதியம் வரைக்கும் இருப்போம்னு நம்பிக்கை போல?"

"ராத்திரிக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன், தம்பி. நீங்க தோத்துட்டு வாங்க, உங்களுக்கும் போடுதேன்."

அவன் அணிக்காரர்களே கைதட்டினார்கள்.

முதல் ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போலப் போனில் சத்தத்தை அணைத்திருந்தோம். ஸ்பீக்கரை மறந்துவிட்டோம். பார்ப்பவர்களுக்காக ஆட்டத்தின் சத்தத்தை அதில் விட்டிருந்தார்கள். எல்லாரும் குதித்து இறங்கி, துப்பாக்கி பொறுக்கிக்கொண்டிருந்த நேரம், எந்த அணிக்காரனோ எறிந்த குண்டு அந்த ஆள் உயர ஸ்பீக்கர் வழியாக வெடித்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டில் நிற்கிறேன். பக்கத்தில் அக்கா. அந்தப் பக்கம் பிரஸ்காரன். மூன்று பேருக்கும் மூச்சு வாங்குகிறது. எப்படி எழுந்தோம், எந்த வாசல் வழியாக வந்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. எங்களோடு காக்கிச் சட்டை போட்ட இன்னொருவரும் நின்றார். மண்டபத்து வாட்ச்மேன்.

"எங்கன?" என்றார் அவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"உள்ளதான், மாமா. கேமு" என்றேன்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"தாயில்பட்டிப் பக்கம்."

"அதான பாத்தேன். நான் வெம்பக்கோட்டை. அங்கனயும் பட்டாசுதான்." சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரஸ்காரன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, நம்ம போனு?" என்று அக்கா கேட்ட பிறகுதான் எங்களுக்கு ஆட்டம் நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினோம். எங்கள் மூன்று நாற்காலிகளிலும் மூன்று போன்கள், பூப்போல மெதுவாக வைக்கப்பட்டிருந்தன. எதையும் கீழே போடக் கூடாது என்பது எங்கள் ஊரில் நடை பழகும்போதே சொல்லித் தருவது. எவ்வளவு அவசரமாக ஓடினாலும் வைத்துவிட்டுத்தான் ஓடுவோம். ஆட்டத்துக்குள் எங்கள் மூன்று பேரையும் எப்போதோ சுட்டுவிட்டிருந்தார்கள். டவுன்காரனான பாய் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, வேர்த்து வடிய, தனியாக ஆடிக்கொண்டிருந்தான்.

"எங்கடா போனீங்க மூணு பேரும்? தண்ணி குடிக்கவா?" என்று தலை நிமிராமலே கத்தினான்.

பாவம், அவன் ஒருவனே ஒளிந்து ஒளிந்து அந்த ஆட்டத்தை முக்கால்வாசி வரை கொண்டுபோனான். அந்தப் புள்ளிகளில்தான் கடைசி ஆளாகத் தொங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தப்பினோம்.

போட்டி நடத்தியவர்களிடம் போய், ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். மைக் வைத்திருந்த பையன் நம்பவில்லை. "சத்தம் இல்லாமலா ஆடுவீங்க? காலடிச் சத்தம் கேக்கலேன்னா நட்டம் உங்களுக்குத்தான், ப்ரோ."

"நாங்க அப்படித்தான் ஆடிப் பழக்கம்."

வாட்ச்மேன் மாமாதான் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். ஜமுக்காளமும் விரித்துக் கொடுத்தார். கதவைச் சாத்தினால் ஸ்பீக்கர் சத்தம் அங்கே மங்கலாகத்தான் வந்தது. நாற்காலி இல்லாமல், வழக்கம்போல முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்தோம். காரியாபட்டி நெட்டையன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, முதப் பந்திலயே உக்காந்துட்டீக?"

அதன் பிறகு ஆட்டம் எங்கள் கைக்கு வந்தது. அடுத்த சுற்றுகளில் அக்காவின் முழங்கால் என்னை இடித்து எடுத்தது. இடது, வலது, ஓடு. பிரஸ்காரன் தூரத்துப் புல் அசைவதைப் பார்த்தே ஆளைச் சொன்னான். சத்தம் இல்லாமல் ஆடுகிறவனுக்குக் கண் கொஞ்சம் அதிகம் வேலை செய்யும். மதியம் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். காரியாபட்டிக்காரர்களும் வந்து கை நீட்டினார்கள். கடைசி ஆட்டத்துக்கு அவர்களும் தேறியிருந்தார்கள், நாங்களும் தேறியிருந்தோம்.

அப்போதுதான் மைக்கில் அந்த அறிவிப்பு வந்தது. சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன் இருப்பதால் கடைசி ஆட்டம் ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கே தொடங்கும்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஒரு ஆட்டம் எம்புட்டு நேரம்லே வரும்?"

"கடைசி வரைக்கும் இருந்தா அரைமணி நேரம்."

"அப்ப அஞ்சரை."

"கடைசி வரைக்கும் இருந்தா."

அவள் பிரஸ்காரனையும் பாயையும் பக்கத்தில் கூப்பிட்டாள். "இந்த ஆட்டத்துல யாரும் சண்டைக்குப் போகக் கூடாது. யாராச்சும் சுட்டாலும் திரும்பிச் சுட வேண்டாம். ஒளிஞ்சே கெடப்போம்."

"யக்கா! சுட்டாத்தான் நெறைய பாயிண்டு" என்று பிரஸ்காரன் பதறினான். "ஒளிஞ்சு கெடந்தா மொத பரிசு எப்படிக் கெடைக்கும்?"

"பரிசு நீ எடுத்துக்கோ. எனக்கு அஞ்சர வேணும்."

பிரஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன். பாய், "அக்கா ரூம்ல அத்தன பேரு இவங்க வேலையையும் சேத்துப் பாத்துட்டு இருக்காங்கடா" என்றான். பிரஸ்காரன் விரல் மையைப் பனியனில் துடைத்துக்கொண்டான். "சரிக்கா. ஒளிவோம்."

ரிசப்ஷனுக்குச் சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்களைச் சுற்றி மேசைகள் இழுபட்டன. பக்கத்தில் இரண்டு பேர் வெங்காயம் உரித்தார்கள். கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசி ஆட்டத்தைத் தொடங்கினோம்.

நான் ஆடியதிலேயே கோழைத்தனமான ஆட்டம் அதுதான். அதைவிட நெஞ்சு அடித்துக்கொண்ட ஆட்டமும் வேறு இல்லை. புதருக்குள் படுத்தோம். பாறைக்குப் பின்னால் ஊர்ந்தோம். எதிரே ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்போது பிரஸ்காரனின் விரல் துடித்தது. அக்கா அவன் முழங்காலை ஒரு இடி இடித்தாள். முன்கூடத்தில் மைக் பையன், "தாயில்பட்டி டீம் எங்கப்பா? தூங்கிட்டாங்களா?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நகரவே இல்லை.

வட்டம் சுருங்கியது. முதலில் பாய் விழுந்தான். பிறகு பிரஸ்காரன், விழும்போது ஒருவனையாவது சுட்டுவிட்டுத்தான் விழுந்தான். "மன்னிச்சுக்கோங்கக்கா, கை கேக்கல." அடுத்தது நான். அக்கா மட்டும் ஒரு சின்னக் கட்டடத்துக்குள் இருந்தாள். இரண்டு வாசல் கட்டடம். சுவர் ஓரமாக, கதவைப் பார்த்து நின்றாள். வெளியே காரியாபட்டிக்காரர்கள் நாலு பேரும் மிச்சம். வேறு அணி இல்லை.

மணி ஐந்தரைக்குக் கொஞ்சம் இருந்தது.

"தங்கச்சி, இங்கன இலை போடணும்" என்றார் ஒரு சமையல்காரர்.

"ஐயா, கொஞ்ச நேரம் பொறுங்க, எங்கக்கா உசுருக்குப் போராடிட்டு இருக்கு" என்றான் பிரஸ்காரன். அந்த மனிதர் பயந்துபோய்க் குனிந்து பார்த்தார். பார்த்தவர் போகவில்லை. வெங்காயக் கத்தியோடு பின்னாலேயே நின்றுவிட்டார்.

ஜன்னல் வழியாக ஒரு குண்டு வந்து விழுந்தது. எங்களுக்கு அது சத்தமில்லாமல் உருளும் ஒரு புள்ளி மட்டும்தான். இந்த இடத்தில் எல்லாரும் செய்வது, சுவருக்குப் பின்னால் பதுங்குவது. அக்கா பதுங்கவில்லை. மறு வாசல் வழியாக நேராக ஓடினாள். வளையவில்லை, நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டவெளியில், சுற்றிலும் சுட்டுக்கொண்டிருக்க, அவ்வளவு நேராக யாராவது ஓடுவார்கள் என்று காரியாபட்டிக்காரர்கள் எதிர்பார்க்கவே இல்லை. சுட்டதெல்லாம் அவள் போன பிறகு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முன்கூடத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. அவள் ஒரு மேட்டைத் தாண்டி மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாய் தன் போனில் லைவைத் திறந்து வைத்து, கமெண்ட் வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து குதித்தான்.

"யக்கா! வந்துட்டாக! வந்துட்டாக!"

யாரோ ஒருவருடைய போனிலிருந்து, வாயால் சொல்லச் சொல்ல எழுதியதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் சத்தமாக வாசித்தான். "நாங்க வேன்ல இருக்கோம்." "எது நம்ம பிள்ளை." "பேரு போட்ருக்கு பாரு ரூம் நம்பர் ஏழு." "இன்னும் சாகல." "திரும்பிப் பாக்காத த்தா ஓடு ஓடு." அதற்கு அடுத்து, "போர்மேன் அண்ணாச்சியும் பாக்காரு."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

"எல்லாரும் பாக்காகளா?"

"எல்லாரும்க்கா. வேன் பூராம்."

"அப்ப இனிமே ஒளிய வேண்டாம்ல?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்றாள். அந்த ஆட்டம் முழுக்க ஓடி ஒளிந்தவள் திரும்பி, நாலு பேரையும் எதிர்த்து இறங்கினாள். சரம் பின்னும் விரல்கள் அப்போதுதான் உண்மையாகவே திரையில் ஓடின. ஒருவன் விழுந்தான். இன்னொருவன் விழுந்தான். சமையல்காரர் "அப்படிப் போடு!" என்று கத்தியைத் தூக்கினார், நாங்கள் அவரிடமிருந்து விலகி உட்கார்ந்தோம். மூன்றாவது ஆளான நெட்டையன்தான் அவளைச் சுட்டு வீழ்த்தினான்.

அக்கா போனை ஜமுக்காளத்தில் மெதுவாக வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சரை தாண்டியிருந்தது.

முதல் பரிசு காரியாபட்டிக்கு. நெட்டையன் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தான். "யக்கா, ஒரு சந்தேகம். கடைசில ஏன் வெளிய வந்தீக? இன்னும் கொஞ்சம் ஒளிஞ்சிருந்தா நாங்க தேடித் தேடியே ஒருத்தனுக்கொருத்தன் சண்ட போட்டிருப்போம்."

"வேன் வந்துருச்சு, தம்பி" என்றாள் அக்கா. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரிக்கென்று தூக்குவாளியில் மிச்சம் வைத்திருந்த சோற்றை அவனிடம் கொடுத்தாள்.

இரண்டாம் பரிசு எங்களுக்கு. என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு பெரிய ஹெட்செட். சுற்றுச் சத்தம் ஒன்றும் காதில் விழாமல் அடைத்துவிடுமாம், மைக் பையன் பெருமையாகச் சொன்னான். பஸ்ஸில் வரும்போது அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வழியெல்லாம் சிரித்தோம்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்த அக்கா, வேனில் நடந்ததைச் சொன்னாள். ஒரே ஒரு போனில்தான் நெட் எடுத்ததாம். அதை முன் சீட்டின் மேல் சாய்த்து வைத்து, எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்களாம். யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் அவள் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே ஓடியதைப் பார்த்ததும் வேனே எழுந்து நின்றுவிட்டதாம். "நம்மள மாதிரியே ஓடுதா பாரு" என்று பெரியக்கா கைதட்டினாராம். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். முதல் பரிசு அவளுக்குத்தான் என்றே இன்றுவரை அந்த ரூமில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காவும் திருத்தவில்லை.

என் அம்மா ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். "ஆத்தி, ஒண்ணுமே கேக்கலயே" என்று உடனே கழற்றிவிட்டாள். அது இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிக்கொள்ளப் பயன்படுகிறது.

நான் படிப்பை முடித்து விருதுநகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க. வேலை நாளில் பகலில் எனக்கு விளையாட நேரமில்லை. ஆனால் சில நாள் மத்தியானத்தில் போன் அதிரும். எடுத்துப் பார்த்தால், ஆட்டத்துக்கு வரச் சொல்லி அழைப்பு. 'ரூம் நம்பர் ஏழு' என்று ஒன்று. கூடவே 'ரூம் நம்பர் ஏழு பெரியக்கா' என்று ஒன்று, 'ஏழு சின்னவ' என்று இன்னொன்று.

போன வாரமும் வந்தது. விருதுநகரில் வெயில் தீயாய் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்து தெற்கே பார்த்தேன். தூரத்தில், எங்கள் ஊர்ப் பக்கம், வானம் கறுத்துத் திரண்டு நின்றது. அங்கே இடி இடித்திருக்கிறது. மணி அடித்திருப்பார்கள். போன் பெட்டியைத் திறந்திருப்பார்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குள் பெண்கள் வரிசையாக, முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆபீசில் எனக்கு அடுத்த மேசைக்காரர், "என்ன தம்பி, மழ வருமா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை முழுசாகக் குறைத்து, அழைப்பைத் தொட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.